எலும்புக்கும் இனத்துக்கும் ஒரே பெயரா?

(வாசகர் கேள்விகள். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நியூசிலாந்துதான். பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவிலிருந்து நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் போகப் போக, அவர்களுடைய அப்பா அம்மாவுக்குச் சந்தேகங்களும் கூடுகின்றன போலிருக்கிறது.)

கேள்வி: என் மகள் நியூசிலாந்தில் ஹாமில்டன் என்ற ஊரில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே நோயாளியின் சொந்தக்காரர்களை எல்லோரும் 'ஃபானௌ' என்கிறார்களாம், இங்கிலீஷில் பேசும்போதுகூட. "குடும்பம்னு அர்த்தம்மா" என்கிறாள். ஆனால் மாவோரி, அதாவது அந்த நாட்டுப் பூர்வகுடிப் பாட்டி ஒருத்தியைப் பார்க்க இருபது பேர் வந்து நின்று, எல்லோரும் ஃபானௌதான் என்றார்களாம். குடும்பம் என்றால் அத்தனை பேரா?
— வாசகி, வேலந்தாவளம்

பதில்: இருபது பேர்தானே அம்மா? நம்ம பக்கத்தில் ஒருத்தரை ஐ.சி.யூ.வில் சேர்த்தால் வாசலில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று எந்த வாட்ச்மேனை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஃபானௌ என்பதற்கு முதல் அர்த்தம் குடும்பம் இல்லை. பிறப்பது, பிள்ளை பெறுவது என்பதுதான் மூல அர்த்தம். பசிபிக் தீவுகளான சமோவாவிலும் டோங்காவிலும் இதே சொல் ஃபானௌ, ஹவாயில் ஹானௌ, எல்லா இடத்திலும் பிறப்பைச் சுற்றித்தான் பொருள். அப்புறம் ஒரு வயிற்று வழியாக வந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து அதுவே பெயராகிவிட்டது: பாட்டி தாத்தா, அவர்கள் பெற்றது, பெற்றது பெற்றது, கட்டிக்கொண்டு வந்தது என்று மூன்று நான்கு தலைமுறை. ரேஷன் கார்டில் இருக்கிற குடும்பத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இருபது பேர் அதிகமாகத்தான் தெரியும்.

இதற்கு மேலே இருக்கிற இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொன்னால்தான் சுவை. பல ஃபானௌ சேர்ந்தது ஹப்பூ. மகளிடம் கேளுங்கள், பிரசவ வார்டில் ஹப்பூ என்றால் 'மாசமா இருக்கிறவள்' என்று சொல்வாள். இரண்டும் ஒரே சொல்தான். பல ஹப்பூ சேர்ந்தது இவி, அந்த இவி என்ற சொல்லுக்கு எலும்பு என்றும் பொருள். ஹவாயிலும் எலும்புக்கு இவிதான், சமோவாவில் இவி என்றால் எலும்பேதான். ஆக எலும்பு, கர்ப்பம், பிறப்பு என்று மூன்று அடுக்குக்கும் உடம்பிலிருந்துதான் பெயர் எடுத்திருக்கிறார்கள். யாரோ உட்கார்ந்து யோசித்து வரிசையாக வைத்த பெயர்கள் மாதிரி இருக்கும், ஆனால் அப்படி இல்லை, பேச்சு வழக்கில் தானாக விளைந்தது.

எலும்பை அவர்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. இறந்தவரைப் புதைத்து, சில காலம் கழித்து எலும்பைத் தோண்டியெடுத்துச் சுத்தம் செய்து, எதிரி கண்ணில் படாத குகையில் ஒளித்து வைப்பது பழைய வழக்கம். எதிரியின் எலும்பில் தூண்டில் முள் செய்துவிட்டால் அதைவிடப் பெரிய அவமானம் அந்த ஆளின் வம்சத்துக்குக் கிடையாது. அவர்களுடைய சபை வீடுகளைப் பார்த்தாலும் விஷயம் தெரியும். கூரையின் நடு உத்தரத்துக்கு முதுகெலும்பு என்று பொருள் சொல்வார்கள், சாய்ந்து இறங்குகிற மரங்கள் விலா எலும்புகள், முகப்பில் இரண்டு பக்கமும் நீண்டிருக்கும் பலகைகள் கைகள். வீடே ஒரு முன்னோரின் உடம்பு, பெரும்பாலும் அந்த முன்னோரின் பெயரே வீட்டுக்கும் இருக்கும்.

இன்னொன்றும் மகளுக்குத் தெரிந்திருக்கும். பிரசவம் ஆனதும் நஞ்சை வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்களா என்று அங்கே கேட்பார்கள். ஃபெனுவா என்ற சொல்லுக்கு நச்சுக்கொடி என்றும் பொருள், நிலம் என்றும் பொருள், அதனால் கொடியைச் சொந்த மண்ணில் கொண்டுபோய்ப் புதைப்பது வழக்கம். அந்த மண்ணுக்கு உரியவர்களைத் 'தாஙத்த ஃபெனுவா' என்பார்கள், மண்ணின் மக்கள். வீட்டில் பிரசவம் பார்த்த காலத்தில் நம் பாட்டிமார்களும் நஞ்சை நாய் தோண்டாத இடமாகப் பார்த்துத்தான் புதைத்தார்கள், அதை மண்ணுரிமையோடு முடிச்சுப் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: இவி என்றால் சாதியா? நம்ம ஊர்க் கூட்டம், குலம் மாதிரியா? தமிழ்ப் பத்திரிகைகளில் 'பழங்குடி' என்றே போடுகிறார்கள். எது சரி?
— கொழிஞ்சாம்பாறை வாசகர்

பதில்: சாதி இல்லவே இல்லை. மேல் கீழ் என்று இவிக்கும் இவிக்கும் தொழில் பிரிப்பு கிடையாது, தீட்டு அடிப்படையில் ஒரு இவி இன்னொன்றை ஒதுக்குவதும் கிடையாது. சண்டை போட்டிருக்கிறார்கள், நிறையவே, அது வேறு.

கூட்டம் என்பது கொஞ்சம் கிட்டே வரும், ஆனால் அங்கேயும் ஒரு இடத்தில் இடிக்கிறது. நம்ம பக்கத்துக் கவுண்டர் வீடுகளில் கூட்டம் அப்பா வழியில்தான் இறங்கும், ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். பாரதப்புழையைத் தாண்டினால் நாயர் தறவாடு அம்மா வழியில் இறங்கியது, 1975ஆம் ஆண்டுச் சட்டம் வந்து கூட்டுக்குடும்ப முறையையே ஒழிக்கும் வரை சொத்தும் அப்படித்தான். இந்த இரண்டு கணக்கையும் ஒரே பஞ்சாயத்தில் வைத்துக்கொண்டு நாம் வாழ்கிறோம், அதனால் மாவோரிக் கணக்கு நமக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிய வேண்டும். அவர்கள் இரண்டு பக்கமும் எடுத்துக்கொள்வார்கள். அப்பா ஒரு இவி, அம்மா ஒரு இவி என்றால் பிள்ளை இரண்டுக்கும் உரியது, பாட்டிமார்களையும் சேர்த்தால் மூன்று நான்குகூடச் சொல்லலாம், எந்த ஊரில் போய் வாழ்கிறாரோ அங்கே எந்த உறவு வலுவோ அதை முன்னால் வைப்பார். ஹப்பூவுக்குள்ளேயே கல்யாணம் செய்வதும் சகஜம், நிலம் கைவிட்டுப் போகாது என்று அதை விரும்பவும் செய்தார்கள். பெண்ணின் பெயரில் அமைந்த குழுக்களும் உண்டு. வடக்கே இருக்கிற ஙாத்தி ஹினே, ஹினே ஆமாரு என்ற பெண்ணின் வம்சம்.

பிறந்தால் மட்டும் போதாது என்று இன்னொரு கணக்கும் உண்டு. 'அஹி கா' என்பார்கள், எரிகிற அடுப்பு. அந்த நிலத்தில் உன் வீட்டுப் புகை வந்துகொண்டிருக்கும் வரைதான் உன் உரிமைக்குப் பலம். தலைமுறை தலைமுறையாக வெளியூரில் இருந்தால் நெருப்பு ஆறிப்போனது என்று அர்த்தம். கோயில் வரிக்குத் தலைக்கட்டு எண்ணும்போது திருப்பூரில் செட்டிலான பங்காளியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நம் ஊரில் நடக்கும் தகராறு அங்கேயும் நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 'இவி' என்றதும் பெரிய அமைப்பு, தலைவர், வக்கீல், பேலன்ஸ் ஷீட் எல்லாம் நினைவுக்கு வருகிறதே, அது பெரும்பாலும் பிற்காலத்து வளர்ச்சி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்றாடம் நிலத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததும், மீன்பிடிக்குப் போனதும், போருக்குக் கிளம்பியதும் ஹப்பூதான். 1840 பிப்ரவரி 6ஆம் தேதி வைத்தாங்கியில் பிரிட்டிஷ் அரசோடு கையெழுத்தான உடன்படிக்கையின் மாவோரி வாசகத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டாம் பிரிவு தலைவர்களுக்கும், ஹப்பூக்களுக்கும், நாட்டின் எல்லா மக்களுக்கும் அவர்கள் நிலம், ஊர், செல்வங்கள் மீதான முழு அதிகாரத்தை உறுதி செய்கிறது. அந்தப் பிரிவில் இவி என்ற சொல்லே வரவில்லை. பறித்த நிலத்துக்கு நஷ்டஈடு பேச அரசாங்கம் உட்கார்ந்தபோது சின்னச் சின்னக் குழுக்களோடு பேச முடியாது, பெரிய குழுவாக வா என்றது. 1995இல் வைகாட்டோ தைனூயிக்கும் 1998இல் தெற்குத் தீவின் ஙாய் தாஹுவுக்கும் ஆளுக்கு 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்பில் தீர்வு கிடைத்தது. அதற்கப்புறம் இவி என்ற சொல்லின் எடையே மாறிவிட்டது. இதில் சிறிய ஹப்பூக்களுக்கு மனக்குறை இருக்கிறது, அது நியாயமான குறைதான் என்பது என் எண்ணம்.

பழங்குடி என்று எழுதுவது தப்பு என்று சொல்ல மாட்டேன், மொத்த மாவோரி மக்களையும் சொல்லும்போது பொருந்தும். ஆனால் ஒவ்வொரு இவியையும் சொல்ல 'குடி' என்று சுருக்கமாக எழுதினால் போதும். குலம் என்றால் நமக்கு உடனே சாதி வாசனை வந்துவிடுகிறது.

கேள்வி: மாவோரி என்ற பெயருக்கு என்ன பொருள்?
— கல்லூரி மாணவி, சித்தூர்

பதில்: சாதாரணம். அவ்வளவுதான். கடல் உப்பு கலக்காத நல்ல தண்ணிக்கு அவர்கள் மொழியில் 'வை மாவோரி' என்று பெயர். நாம் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று பிரிப்பது அப்படியே. (ஆழியாறு தண்ணி எப்போது திறப்பார்கள் என்று கேட்டும் மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. அதற்கு என்னிடம் பதில் இல்லை, இரண்டு மாநில அரசிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.) 'தஙத்த மாவோரி' என்றால் சாதாரண மனிதன், தெய்வமோ ஆவியோ இல்லாத, நம்மைப் போன்ற ஆள். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெயர் தேவைப்படவில்லை, அவரவர் ஹப்பூ பெயரும் இவி பெயரும் போதுமாயிருந்தது. வேறு மாதிரி ஆட்கள் கப்பலில் வந்து இறங்கிய பிறகுதான் 'நாங்கள் இங்கத்து வழக்கமான ஆட்கள்' என்று சொல்ல வேண்டி வந்தது. ஹவாய்க்காரர்கள் தங்களைக் 'கானக்கா மவோலி' என்பதும் இதே சொற்கள்தான். அங்கே 'த' எல்லாம் 'க' ஆகும், 'ங' எல்லாம் 'ன' ஆகும், 'ர' எல்லாம் 'ல' ஆகும், மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அந்தக் கனக்காவுக்கு ஒரு கசப்பான கிளைக்கதை உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்குப் பசிபிக் தீவுகளிலிருந்து கொண்டுவந்த கூலிகளை வெள்ளைக்காரர்கள் கனக்கா என்று இளக்காரமாகக் கூப்பிட்டார்கள். 'மனிதன்' என்ற சொல்லையே வசவாக்கியது அது. நியூ கலிடோனியா மக்கள் அதே சொல்லைக் 'கனாக்' என்று எடுத்துத் தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

கேள்வி: மாவோரிக் குழுக்களின் பெயர்கள் எல்லாம் 'ங்கா' என்றே தொடங்குகின்றனவே, ஏன்? டி.வி.யில் அதைச் சொல்லத் திணறுகிறார்கள்.
— மீனாட்சிபுரம் வாசகர்

பதில்: டி.வி.க்காரர்கள் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கலாம்! ஙப்போல் வளை என்று மனப்பாடம் செய்ததோடு நாம் மூலையில் வைத்துவிட்ட எழுத்துக்கு அங்கேதான் முழுநேர வேலை. ஙா, ஙி, ஙு எல்லாம் சொல்லின் முதலிலேயே வரும். ஙாத்தி என்றால் வழிவந்தவர்கள். ஙாத்தி போரௌ என்றால் போரௌராஙி என்ற முன்னோரின் வழிவந்தவர்கள், ஙாத்தி கஹுஙுனு என்றால் கஹுஙுனுவின் வழி. ஙாய் என்பதும் அதே பொருள்தான், ஙாய் தாஹு என்பதைத் தெற்கே 'காய் தாஹு' என்பார்கள், அந்த வட்டாரத்தில் ங வர வேண்டிய இடத்தில் க வரும். எல்லாப் பெயரும் இப்படி ஆளின் பெயரில் அமைவதில்லை. தைனூயி, தெ அராவா இரண்டும் முன்னோர் வந்த பெரிய ஓடங்களின் பெயர்கள். ஒரே ஓடத்தில் வந்தவர்களின் வம்சம் என்று பல இவிகள் ஒன்றாகச் சேர்ந்து நிற்பார்கள்.

குறில் நெடில் பழகிய நமக்கு இன்னொன்றும் சுலபம். ஒரு மனிதர் தஙத்த, பலர் என்றால் தாஙத்த. முதல் எழுத்தை நீட்டினால் பன்மை. எல்லாச் சொல்லுக்கும் இது செல்லாது, ஆட்களையும் உறவையும் குறிக்கிற கொஞ்சம் சொற்களுக்கு மட்டும்தான். பெண் என்பது வஹினே, பெண்கள் வாஹினே.

கேள்வி: மாவோரிகள் ஆதியில் தமிழர்களே என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஙாத்தி என்பதில் 'ஆதி' இருக்கிறது, தமிழ் எழுத்துள்ள மணி அங்கே கிடைத்திருக்கிறது என்று ஆதாரமும் கொடுத்திருக்கிறார்கள். உண்மையா?
— முதலமடை வாசகர்

பதில்: மணி உண்மை. மற்றதெல்லாம் யாரோ ஓய்வு நேரத்தில் செய்தது.

வில்லியம் கொலென்ஸோ என்ற பாதிரியார், அச்சுத் தொழில் தெரிந்தவர், 1836 வாக்கில் வடக்குத் தீவில் மாவோரிகளிடம் அந்த வெண்கல மணியைப் பார்த்தார். அப்போது அது மணியாக இல்லை, உருளைக்கிழங்கு வேகவைக்கிற பாத்திரமாக இருந்தது. அடிவிளிம்பு உடைந்துபோன சின்ன மணி. இப்போது வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் 'முகைதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி' என்கிற மாதிரி பொறித்திருக்கிறது. அதாவது நம் கடற்கரை மரைக்காயர் யாரோ ஒருவரின் கப்பல் மணி. அந்தக் கப்பலே அங்கே போனதா, கைமாறிப் போன மணியா, ஆளில்லாமல் மிதந்த கப்பலிலிருந்து கிடைத்ததா என்று பல ஊகங்கள் உண்டு, எதுவும் முடிவாகவில்லை. தமிழர் கப்பலோட்டியதற்கு அது சாட்சி என்று பெருமைப்படலாம், எனக்கும் பெருமைதான். ஆனால் ஒரு மணியை வைத்து ஒரு இனத்தையே தத்தெடுக்க முடியாது.

மாவோரி மொழியின் சொந்தக்காரர்கள் வேறு பக்கம் இருக்கிறார்கள். தைவானில் தொடங்கி மலாய், பிலிப்பைன்ஸ் வழியாக ஒரு பக்கம் மடகாஸ்கர் வரைக்கும் இன்னொரு பக்கம் ஈஸ்டர் தீவு வரைக்கும் பரவிய குடும்பம் அது. மலேசியாவில் சொந்தம் இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். மலாயில் கண்ணுக்கு மாத்தா, ஐந்துக்கு லீமா, மீனுக்கு இக்கான், வானத்துக்கு லாங்இத். மாவோரியில் மத்தா, ரிமா, இக்கா, ராஙி. மேலே சொன்ன ஃபெனுவாகூட மலாயில் பெனுவா, கண்டம் என்ற பொருளில். வனுவாத்து என்று ஒரு நாடு இருக்கிறதே, அதன் பெயரில் இருப்பதும் அதே நிலம்தான்.

இதைவிட நல்ல சாட்சி 1769இல் நடந்தது. கேப்டன் குக் என்ற ஆங்கிலேய மாலுமியின் கப்பலில் துப்பாயா என்ற தாஹிட்டிப் பூசாரி கூட வந்தார். நியூசிலாந்தில் இறங்கியதும் அவர் தன் மொழியில் பேச, மாவோரிகளுக்குப் புரிந்தது. தாஹிட்டிப் பக்கத்துத் தீவுகளிலிருந்து ஓடங்களில் கிளம்பிய மக்கள் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் நியூசிலாந்துக்குப் போய்ச் சேர்ந்து, அத்தனை நூற்றாண்டு கழித்தும் பேச்சு ஒத்துப் போயிருக்கிறது. ஒரு தமிழர் அங்கே இறங்கியிருந்தால் சைகைதான் காட்டியிருக்க வேண்டும்.

ஆதி, ஙாத்தி ஒற்றுமை வெறும் ஓசை. 'ஙா' என்பது பன்மைக்கு வருவது, 'ஆத்தி' என்பது வம்சம், தாஹிட்டியிலும் அந்த 'ஆத்தி' உண்டு. நம் 'ஆதி'யோ தமிழே இல்லை, சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. செய்தி தயாரித்தவர் இதையாவது பார்த்திருக்கலாம்.

கேள்வி: அண்ணன், தம்பி, மாமன், மச்சான் எல்லாம் அவர்களுக்கும் உண்டா? அல்லது இங்கிலீஷ்காரர்கள் மாதிரி எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லா?
— கோபாலபுரம் வாசகர்

பதில்: பாதி நம்மைப் போல, பாதி யாரையும் போல இல்லை. ஆணுக்கு அண்ணன் துவக்கன, தம்பி தெய்ன. பெண்ணுக்கு அக்கா துவக்கன, தங்கை தெய்ன. அதே சொற்கள்தான்! ஆண் பெண் முக்கியமில்லை, 'என் பால், எனக்கு மூத்தது' என்பதுதான் துவக்கன. எதிர்ப்பால் என்றால் வயது பார்ப்பதில்லை. பெண்ணுக்கு அண்ணனும் தம்பியும் துஙானே, ஆணுக்கு அக்காவும் தங்கையும் துவஹினே.

பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளுக்கு வரும்போது இன்னும் சிக்கல். வயது செல்லாது, வழிதான் செல்லும். பெரியப்பா மகன் எனக்குப் பத்து வயது சின்னவனாக இருந்தாலும் அவன்தான் துவக்கன, நான் தெய்ன. மூத்த வழி மூத்த வழிதான். இது இவி அளவுக்கும் போகும். போரௌராஙிக்குத் தாஹு இளைய உடன்பிறப்பு என்பது மரபு, அவருடைய முழுப் பெயரே தாஹு போத்திக்கி, போத்திக்கி என்றால் கடைக்குட்டி. அந்தக் கடைக்குட்டியின் வம்சம்தான் தெற்குத் தீவின் பெரும்பகுதிக்கு உரிய ஙாய் தாஹு. சொத்துப் பங்கீட்டில் கடைக்குட்டி ஏமாந்துவிட்டதாக யாரும் சொல்ல முடியாது.

மாமனுக்குத் தனிச் சொல்தான் கிடையாது. அப்பாவும் மத்துவா, பெரியப்பாவும் மத்துவா, அம்மாவின் அண்ணனும் மத்துவா. அம்மா, சித்தி, அத்தை எல்லோருக்கும் ஃபாயா செல்லும். பள்ளிக்கூட வாத்தியாரையும் டீச்சரையும்கூட இன்று மத்துவா, ஃபாயா என்றே கூப்பிடுகிறார்கள். அத்தை மகளும் மாமன் மகளும் முறையில் தங்கைகள் ஆகிவிடுவதால் முறைப்பெண் என்ற பேச்சே அங்கே எடுபடாது. சீர் கேட்டுச் சண்டை போடத் தாய்மாமன் தனியாக இல்லாத ஊரில் கல்யாணம் எப்படிக் களைகட்டும் என்று கேட்காதீர்கள், எனக்கும் அதே சந்தேகம்தான்.

கேள்வி: பாக்கெஹா என்பது வெள்ளைக்காரரைத் திட்டும் சொல்லாமே? அங்கே போனால் என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார்களா?
— வாளையார் வாசகர், விசாவுக்குக் காத்திருப்பவர்

பதில்: திட்டு இல்லை. பன்றி என்று அர்த்தம், தெள்ளுப்பூச்சி என்று அர்த்தம் என்றெல்லாம் அங்கேயே சிலர் கிளப்பிவிடுவார்கள், மொழி தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. வெளுத்த தோல் கொண்ட, மனிதரைப் போன்ற மாய உயிர்களைப் பற்றிய பழங்கதைகளில் 'பாக்கெபாக்கெஹா' என்று ஒரு பெயர் வரும், அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது பலரும் சொல்கிற விளக்கம். ஐரோப்பிய வம்சத்து நியூசிலாந்துக்காரர்கள் பலர் தங்களைத் தாங்களே பாக்கெஹா என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

உங்களுக்கு அந்தப் பெயர் வராது. மாவோரி அல்லாத எல்லோருக்கும் பொதுவாக 'தௌஇவி' என்று ஒரு சொல் உண்டு, வேற்று இவி, வெளியிலிருந்து வந்த குடி. இப்போது இன்னொன்றும் புழங்குகிறது, 'தாஙத்த திரித்தி', உடன்படிக்கையின் மக்கள். 1840 உடன்படிக்கை இருப்பதால்தான் நமக்கு இங்கே வாழ இடம் என்று ஏற்றுக்கொண்டவர்கள் அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள். அப்புறம், அங்கே விண்ணப்பங்களில் 'உங்கள் இவி எது' என்று ஒரு கட்டம் வரும். அது மாவோரி வம்சத்தவருக்கு மட்டும். வெறுமனே விட்டுவிடுங்கள், கூட்டத்தின் பெயரை எழுதி வைக்காதீர்கள்.